கொரகொர ரேடியோ

"மெதுவாப் பேசுங்க தம்பி. அவர் பின்பக்கம் செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருக்கார்."

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினான். "போன மாசம்தானேம்மா சரி பண்ணிட்டுப் போனேன்? மறுபடியும் ரேடியோ கொரகொரங்குதா?"

அவள் கைக்குள் பொத்தி வைத்திருந்த கறுப்பு வளையத்தை நீட்டினாள். சோலார் இன்வெர்ட்டரின் ஒயரில் அவன் மாட்டிவிட்டுப் போன அதே வளையம்.

"இதை யாரும்மா கழட்டினது? இன்வெர்ட்டர் கரண்டை வெட்டி வெட்டி அனுப்புது. அந்த இரைச்சல் ஒயர் வழியா வந்து ரேடியோல விழாம தடுக்கிறதே இதுதான்."

"நான்தான் தம்பி. நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கு மத்தியானமே கழட்டிட்டேன்."

கல்யாணமான நாளாக அவளுக்கு அந்த ரேடியோதான் சக்களத்தி. ரிட்டயர் ஆன பிறகோ, பகல் முழுக்க அது கணவரின் காதோடு ஒட்டிக்கொண்டது. மாடியில் சோலார் வந்து ரேடியோ உறும ஆரம்பித்ததும், மனுஷர் வேறு வழியில்லாமல் சமையலறைக்கு வந்தார். வெங்காயம் உரித்தார். ஆபீஸ் கதைகளை நடித்துக் காட்டி அவளை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சுகத்தை ஒரு வளையத்துக்காக விட்டுக்கொடுக்க மனசு வருமா?

"அப்புறம் ஏம்மா இப்ப திருப்பித் தர்றீங்க?"

"காலையில ரேடியோவைத் தடவிக்கிட்டே பெருமூச்சு விட்டார் தம்பி. என் சந்தோஷத்துக்காக அவர் ஆசையில மண்ணைப் போடலாமா? மாட்டிடுங்க."

மாட்டினான். ரேடியோவைப் போட்டான். அப்போதும் 'கொர்ர்' என்றது.

தலையைச் சொறிந்தபடி ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தான். அவளும் பின்னாலேயே போனாள். படுக்கையறை பீரோவை நெருங்கியதும் உறுமல் காதைக் கிழித்தது. பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். மட்டமான செல்போன் சார்ஜர் ஒன்று பிளக்கில் செருகியிருந்தது. அதன் முனையில் போன் எதுவும் இல்லை.

"இதுவும் கரண்டை வெட்டுற ஜாதிதான்மா. இதை யாரு இங்க ஒளிச்சு வெச்சது?" என்று கையை விட்டான்.

"தம்பி, அதைத் தொடாதீங்க."

படுக்கையறை வாசற்படியில் ஈரக் காலோடு கணவர். கதவு மறைவில் நின்ற மனைவியை அவர் கவனிக்கவில்லை.

"போன தடவை நீங்க சரி பண்ணிட்டுப் போன அன்னிக்கு சாயங்காலமே, கடை கடையா ஏறி இறங்கி வாங்கிட்டு வந்தேன். ரேடியோ ஒழுங்காப் பாடிட்டா, நான் எந்தச் சாக்கைச் சொல்லி அவ பக்கத்துல போய் உக்கார்றது?"