பேக்கிங் அருமை

ஆன்லைன் ஏலத்தில் ஜெயித்த கேமரா லென்ஸ் வந்துவிட்டது என்று ஞானசீலன் பெட்டியைப் பிரித்தான். உள்ளே குமிழ்த்தாள், குமிழ்த்தாளுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் பச்சைக் குழந்தை மாதிரி ஓர் அரைச் செங்கல். ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்க அவனுக்கு வந்திருந்த முதல் கல்யாண ஆர்டர்.

விற்றவனைப் போனில் கூப்பிட்டான்.

"ஐயையோ, கல்லு வந்துருச்சா சார்? உங்க லென்ஸ் பத்திரமா இங்கதான் இருக்கு. அஞ்சு ஸ்டார் போட்டு நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க, உடனே அனுப்பிடறேன்."

"அனுப்பலைன்னா?"

"என் ரேட்டிங்கைப் பாத்துமா சார் சந்தேகம்?"

பார்த்துத்தான் வாங்கியிருந்தான். வாங்கியவர்கள் எழுதியிருந்ததை இப்போதுதான் ஒவ்வொன்றாகப் படித்தான். 'பேக்கிங் அருமை.' 'கட்டிய விதம் பிரமாதம்.' பொருளைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

ஐந்து நட்சத்திரத்தையும் நிரப்பினான். எழுதத் தொடங்குமுன், 'வாங்கியவரிடம் கேளுங்கள்' பகுதியிலிருந்து ஒரு கேள்வி வந்து விழுந்தது.

'அண்ணா, இவர்கிட்ட அம்மாவுக்குக் காது மெஷின் கேட்டிருக்கேன். ஏலம் முடியப்போகுது. ஆளை நம்பலாமா?'

மடியில் செங்கல் கனத்தது. பதில் பெட்டியில் 'பேக்கிங்' என்று அடித்தான். அடுத்த சொல்லைப் போன் தானாகவே எடுத்து நீட்டியது. விரல் அதன்மேல் நின்றது.