மாப்பிள்ளைக்கு எந்த நீலம்?

“மொகம் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்குது. போவட்டும், மாப்பிள்ளைக்கு இது போதும்,” என்றார் சந்திரசேகர்.

பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் நடக்கிற காலையில் பெற்றவன் சொல்கிற பேச்சா இது? ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது பெண்ணை அல்ல, வாட்சை. கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, ஜன்னல் வெயிலில் இரண்டு நீல டயல்களை மாற்றி மாற்றிச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

திருச்சானூரில் லாட்ஜ் நடத்துகிற மனிதருக்குப் பதினொரு வாட்ச் எதற்கு என்று கேட்டால் அவரிடமே பதில் கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு டயலாகப் பார்த்து, “இன்னா பினிஷு!” என்று உருகாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அதிலும் அந்த நீல டயல் சுவிஸ் வாட்ச் அவருக்கு உயிர். கீறல் விழுந்துவிடுமோ என்று கையில் கட்டக்கூட மனசு வராமல் பெட்டியிலேயே பூட்டி வைத்திருந்தார்.

போன மாதம், கோயில் உண்டியலில் விழுந்த வாட்சுகளை ஏலம் விட்டபோது அவர் மொத்தமாக எடுத்த லாட்டில் அச்சு அசல் அதே மாடல் ஒன்று வந்தது. “எந்தப் புத்திகெட்டவன் இத உண்டியல்ல போட்டிருப்பான்?” என்று மனைவி தேவசேனாவிடம் நீட்டினார். அவள் “கோவிந்தா, கோவிந்தா!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வீட்டுக்குப் புது வாட்ச் வந்தால் அவள் ஏதாவது இப்படிச் செய்வது வழக்கம்தான்.

அப்போதுதான் மகள் சுஷ்மிதா குண்டு போட்டாள். “நைனா, அவருக்கும் உங்கள மாதிரி வாட்ச் பைத்தியம். மோதரத்தோட அந்த நீல வாட்சுல ஒண்ணு போடுங்க. ரெண்டு இருக்குதே!”

பெண் கேட்டுவிட்டாள், மறுக்க முடியாது. தன் உயிரைத் தானே வைத்துக்கொண்டு, மட்டமானதை மாப்பிள்ளை தலையில் கட்ட வேண்டும். வெளியே சொன்னால் வெட்கக்கேடு என்பது அவருக்கே தெரியும். அதனால்தான் விடிந்ததிலிருந்து இந்த லென்ஸ் ஆராய்ச்சி.

“இன்னாங்க, இன்னும் பாத்துக்கினே இருக்கீங்க?” பட்டுப் புடவையில் வந்து நின்றாள் தேவசேனா.

“வா, உனக்கும் சொல்றேன். இது நம்முது. சாய்ச்சா நடுவுலேர்ந்து கதிர் கதிரா விரியுது பாரு, இதுக்குப் பேரு சன்பர்ஸ்ட். அது ஏலத்துல வந்தது. நீலம் செத்துப்போய்க் கெடக்குது.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.”

“உனக்கு எப்படித் தெரியும்? இன்னொண்ணு கேளு. இது கை ஆடினாத்தான் ஓடற மாடலு. நம்முதும் முன்னாடியெல்லாம் கட்டாம வச்சா நின்னுபூடும். இப்ப எட்டு மாசமா பெட்டியிலதான் கெடக்குது, ஒரு நிமிஷம் நிக்கல! எல்லாம் நம்ம பார்வை ராசி. ஏலத்துல வந்தது ரெண்டு நாள் கட்டலன்னா படுத்துக்குது. இதுலயே சரக்கு எதுன்னு தெரியலியா?”

தேவசேனா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். “நல்லாப் பாத்துக்கோங்க. மாப்பிள்ள கையில ஏறிட்டா அப்புறம் திருப்பிக் கேக்க முடியாது.”

“இருவது வருசமா டயல் பாக்கறவன்கிட்ட வந்து சொல்றியா?”

வாசலில் டிரைவர் நாகையா ஹாரன் அடித்து, நேரமாகிவிட்டதென்று தெலுங்கில் குரல் கொடுத்தார். “டைம் அயிந்தி சார்!”

சித்தூர் மண்டபத்தில், ஏலத்தில் வந்த வாட்சை மாப்பிள்ளை தருணின் கையில் அவரே கட்டிவிட்டார். புத்தலப்பட்டிலிருந்து வேனில் வந்திருந்த சம்பந்தி வீட்டார் எட்டி எட்டிப் பார்த்தார்கள். தருண் டயலைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டான். “மாமா, இவ்ளோ பெருசா எதுக்கு?” என்று சடாரென்று காலில் விழுந்தான்.

சந்திரசேகர் அவசரமாகக் குனிந்து அவனைத் தூக்கி நிறுத்தினார். அடப்பாவி, பெத்த புள்ளையாட்டம் இருக்கறவனுக்குப் போய் மட்டத்தக் கட்டிட்டியேடா என்று தன்னையே திட்டிக்கொண்டார். அடுத்த நிமிடமே சட்டைக் கையை லேசாக மேலே இழுத்து, இன்றைக்கு மட்டும் துணிந்து கட்டியிருந்த, தன் மணிக்கட்டில் மின்னிய நீலத்தைப் பார்த்தார். வருத்தம் பாதியாகிவிட்டது. வெட்கங்கெட்ட ஜென்மம், வேறென்ன சொல்ல!

பந்தியில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை. “நம்ம வாட்ச் நம்மகிட்டயே தங்கிடுச்சி பாத்தியா?” என்று காதோரம் கிசுகிசுத்தார்.

“அத நான் அப்பவே உண்டியல்ல போட்டுட்டேங்க.”

வாய்க்குப் போன வடை பாதி வழியில் நின்றது. “எத?”

“சுஷ்மிதாவுக்கு வர்ற வரனெல்லாம் தட்டிப் போய்க்கினே இருந்துச்சே. இந்த வூட்டுல ரொம்ப ஆசையா வச்சிருக்கறதப் போடறேன்னு வேண்டிக்கினு, போன பொரட்டாசியில போட்டேன்.” தேவசேனா மேடைப் பக்கம், தருணின் கையை மோவாயால் காட்டினாள். “சாமி அத உங்க கையாலயே மாப்பிள்ளைக்குக் கட்ட வச்சிட்டாரு.”

சந்திரசேகர் மெதுவாகத் தன் மணிக்கட்டைத் திருப்பினார். எட்டு மாதம், ஒரு ஞாயிறு தவறாமல் லென்ஸ் வைத்து உருகிய டயல் பளபளத்தது. “அப்ப இது?”

“பஸ் ஸ்டாண்டு தட்டுக்கடையில முன்னூறு சொன்னான், பேரம் பேசி நூத்தியெம்பதுக்கு வாங்கினேன், பேட்டரியோட.”