பிந்தாத வேலை

தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் அடுக்கியிருந்த பலகைகளைக் கண்டதும் நிரஞ்சலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில் புதுத் தகரம், சுருட்டிய தார்ப்பாய்ப் படங்கு, கழுவிச் சாத்திய மண்வெட்டிகள். அப்பாடா, இங்கேயாவது ஏதோ ஒரு வேலை நடக்கிறது!

அவள் படிப்பது திட்ட முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டம். தேயிலைத் தோட்டங்களில் திட்டங்கள் ஏன் பாதியில் நிற்கின்றன என்பது ஆய்வு. பாதியில் நின்றதற்கா பஞ்சம்? கூரை ஏறாத வீடு, தண்ணீர் வராத குழாய் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டாள்.

ஆனால் ஆய்வு மேற்பார்வையாளர் கறாராகச் சொல்லிவிட்டார். "சொன்ன நேரத்துக்கு முடிஞ்ச வேலை ஒன்னையாவது ஒப்பிட்டுக் காட்டுங்க. திங்கட்கிழமைக்குள்ள இல்லாட்டி இது தேறாது."

பதுளையிலிருந்து கொஸ்லந்த வரை அலைந்ததில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். அழுகை வராத குறை. கடைசியில் பஸ் கண்டக்டர் ஒருவர்தான் இந்தத் தோட்டத்தைக் காட்டிவிட்டார். "அங்க சங்கம் எடுத்த வேலை ஒரு நாளும் பிந்தினதில்லைங்க."

சங்கத்துச் செயலாளர் ஜூட், தூங்காத கண்களோடு வெளியே வந்தான். உள்ளே யாரோ விடாமல் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க மிஸ். ரொம்ப தூரம் நடந்தீங்களோ?"

"ஜல்லியக் கொட்டினதோட ரோட்ட விட்டுட்டாங்களே!"

"ஆமாங்க. ஆம்புலன்சும் அந்த வளைவோட திரும்பிருச்சு."

அந்த ரோட்டைப் பற்றி ஏற்கெனவே எழுதியாயிற்று. அவள் நேரே விஷயத்துக்கு வந்தாள். "உங்க சங்கத்துல வேலைய யாரு பிரிச்சுக் குடுக்கிறது?"

"பிரிக்கவே வேணாம் மிஸ். மண்ணு வெட்ட ஒரு கூட்டம், பலகை அடிக்க ஒரு கூட்டம், சமைக்க ஒரு கூட்டம். அவங்கவங்க வேலை அவங்கவங்களுக்குத் தெரியும்."

"ஆள் வராட்டி?"

"பேச்சுவார்த்தை இல்லாத சனமும் வந்து நிக்கும். கோயிலு, சர்ச்சு, கட்சி ஒன்னும் பாக்க மாட்டோம்."

"முடிக்க எவ்வளவு நாளாகும்?"

"மறுநாள் பொழுது சாயறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்."

மழைக்கு இடிந்த லயத்துக் காம்பராக்களுக்குக் கூரை போடுவதைத்தான் சொல்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒரே நாளில் ஒரு கூரையா! பட்டமளிப்பு விழா அவள் கண் முன்னால் வந்து நின்றது.

"தாமதமே ஆனதில்லையா?"

"ஒரே ஒரு தடவ. வெட்டின இடத்துல மழைத் தண்ணி நெறஞ்சிருச்சு. எறச்சு ஊத்திட்டு வேலையப் பாத்தோம்."

நேரில் பார்த்து எழுதிவிட்டால் மேற்பார்வையாளர் வாயே திறக்க முடியாது. நிரஞ்சலா ஆவலை அடக்க மாட்டாமல் கேட்டாள். "அடுத்த வேலை எப்ப? நான் கூட இருந்து பாக்கலாமா?"

உள்ளே இருமல் சட்டென்று நின்றது. ஜூட் ஓடிப்போய்க் கதவருகே எட்டிப் பார்த்தான். மறுபடி இருமல் கேட்ட பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

திரும்பி வந்து பலகைகளின் மேல் படங்கை இழுத்து மூடினான். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"அம்மா கண்ண மூடினதும் ஆரம்பிச்சிருவோம் மிஸ்."