கடைசி ஆள் வந்ததும்

கண்டக்டருக்கு மறுபடியும் ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது.

எல்லோரும் எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில் காலை வைத்தாயிற்று. அப்போதுதான் அவர் ஒரு பாறை மேல் காலைத் தூக்கி வைத்து, "கொஞ்சம் இருங்க சார், இது ஒண்ணு..." என்றார்.

பேக்கரிக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

ஊரை ஒட்டிய குன்றுக்கு ஞாயிறுதோறும் ஆட்களைக் கூட்டிப் போவது அவருடைய ஏற்பாடு. கட்டணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம். வழியில் தின்ன அவர் கடை பன்னும் உண்டு. ஒரே ஒரு விதி. வேகமாக நடப்பவர்கள் நிழலில் காத்திருக்க வேண்டும்; கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிட வேண்டும். யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று அவரே யோசித்து வைத்த விதி. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இன்றும் கடைசியாக வந்தது அவர் மனைவிதான். ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவளை இவர்தான் விடாப்பிடியாக அழைத்து வந்தார். இப்போது ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வருகிறாள். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கே உயிர் வந்த மாதிரி இருந்தது.

"வந்துட்டியா? இந்தா பன். நடந்துக்கிட்டே சாப்பிடும்மா" என்று அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினால், குறுக்கே கண்டக்டரின் குனிந்த முதுகு.

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு நேரம் நிழல்ல சும்மாதானே உட்கார்ந்திருந்தீங்க? அப்பவே கட்டியிருக்கலாமே."

"அப்ப அவிழலைம்மா."

"நல்ல லேஸ். ஆள் கிளம்புறதைப் பார்த்து அவிழுது."

எல்லோரும் சிரித்தார்கள். போட்டோ ஸ்டூடியோக்காரர் தன் பங்குக்கு, "ஏன் கண்டக்டரே, நீங்க விசில் கொடுத்த பஸ் என்னிக்காவது நேரத்துக்குக் கிளம்பியிருக்கா?" என்றார்.

"கிளம்பும் தம்பி. எல்லாரும் உட்கார்ந்ததும் கிளம்பும்" என்று சொல்லிக்கொண்டே, கண்டக்டர் லேஸைத் துளைத் துளையாக இழுத்து இறுக்கினார். பேக்கரிக்காரர் மனைவி பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து பன்னைப் பிய்த்துத் தின்றாள்.

லேஸ் இல்லாவிட்டால் ஷூவுக்குள் கல். கல் இல்லாவிட்டால் தொப்பியை எங்கோ வைத்துவிட்டதாகத் தேடல். வாராவாரம் இதே கதை.

இறங்கும்போது டிரைவிங் ஸ்கூல் அம்மா பேக்கரிக்காரரை ஓரமாக நிறுத்தினார். "அண்ணே, ஒண்ணு அவர் வரணும், இல்லாட்டி நாங்க வரணும்."

அந்த அம்மாவிடம் வண்டி பழகுகிறவர்கள்தான் கூட்டத்தில் பாதி. அவர்கள் நின்றுவிட்டால் ஞாயிறு நடையே நின்றுவிடும்.

அடிவாரத்துக்கு வந்ததும் பேக்கரிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே நீங்க தனியா நடந்தா உங்களுக்கும் சௌகரியமா இருக்கும்."

கண்டக்டர் கோபப்படவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்கட்டுமா?"

"சொல்லுங்க."

"ஒவ்வொரு இடத்துலேயும் கொஞ்சம் நின்னு கிளம்புங்களேன்."

"அது முடியலைன்னுதானே சார் இந்தப் பேச்சே வந்தது."

கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் மனைவியை ஒருமுறை பார்த்தார். பிறகு, "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு எந்தத் தடங்கலும் இல்லை. வந்தார்கள், உட்கார்ந்தார்கள், கடைசி ஆள் தலை தெரிந்ததும் எழுந்தார்கள். "இதுதாண்ணே நடை" என்றார் டிரைவிங் ஸ்கூல் அம்மா.

"கண்டக்டரைக் காணோமே?" என்று கேட்டாள் மனைவி.

"நான்தான் வர வேண்டாம்னு சொல்லிட்டேன். எல்லாருக்கும் நிம்மதி."

அவள் வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல்கூடப் படுத்துவிட்டாள்.

"அசதி நல்லதும்மா. நல்லாத் தூக்கம் வரும்" என்றார் அவர்.

மறு ஞாயிறு பேக்கரிக்காரர் பன் பையோடு தயாராக நின்றார். மனைவி வீட்டுச் சேலையிலேயே சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

"நேரமாச்சு, இன்னும் கிளம்பலையா?"

"நான் வரலைங்க."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"இனிமே எப்பவும் வரலை."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இவ்வளவு தூரம் தேறி வந்துட்டு இப்ப விட்டா எப்படி? நீ வர்ற வரைக்கும் அத்தனை பேரும் காத்துக்கிட்டுத்தானே இருக்கோம்?"

"காத்திருக்கீங்க. நான் வந்ததும் எழுந்துடுறீங்க. நான் எப்பங்க உட்கார்றது?"

அவர் பன் பையை மெதுவாக மேஜை மேல் வைத்தார்.

"இதை முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"என்னாலதான் எல்லாருக்கும் தாமதம்னு ஆயிடுமேன்னு இருந்தேன். அதோட, சொல்ல வேண்டிய அவசியமும் வரலை."

"ஏன்?"

"கண்டக்டர் இருந்தாரே. அந்த லேஸ் ஒரு நாளும் தானா அவிழ்ந்ததில்லைங்க. நான் மேடு ஏறி வர்றது தெரிஞ்சதும், அவரே குனிஞ்சு அவிழ்த்து விட்டுக்குவாரு."