ஜாக்கின் மேல் தொட்டில்

அன்று பட்டறையில் இருந்தவர்கள் நான், என் தம்பி பொன்னுரங்கம், அவன் மனைவி நாச்சம்மாள், மூவர் மட்டுமே. பட்டறையைப் பாகம் பிரித்த பிறகு எங்களுக்குள் பேச்சில்லை. லாரியின் கியர்பாக்ஸை இறக்க இரண்டு பேர் வேண்டும். என்னை அழைக்க மனமில்லாமல், ஜாக்கின் தலையில், கியர்பாக்ஸ் உட்கார ஓர் இரும்புத் தொட்டிலை அவனே பற்றவைத்து, தனியாக இறக்கிவந்தான். அன்று அந்தப் பற்றவைப்பு விட்டுப்போனது. கியர்பாக்ஸ் அவன் மார்புக்கு நேராகச் சாய்ந்தது. லாரிக்கு அடியில் மல்லாந்தபடி இரண்டு கைகளாலும் அதைத் தாங்கிக் கிடந்தான்.

“மாமா, பாத்துட்டே நிக்கறீங்களே!” என்றாள் நாச்சம்மாள்.

“அவரக் கூப்புடாத,” என்றான் வண்டிக்கு அடியிலிருந்து. அவன் முழங்கைகள் மடங்கிக்கொண்டே வந்தன.

என் ஜாக்கை உருட்டிக்கொண்டு அவன் பக்கம் போனேன்.

தம்பி என்னிடம் கெஞ்சினான் என்று ஊரில் சொல்கிறார்கள். அவன் கெஞ்சவில்லை. என் ஜாக் எடையை வாங்கும்வரை, “போயிருங்கண்ணா” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.