மேற்படி ஜிம்மி

“ஊசி போட்ட அன்னைக்குச் சாயங்காலமே ஆரம்பிச்சுடுச்சு டாக்டரம்மா. உக்காருங்க, வாசிக்கிறேன்” என்றார் இளையபெருமாள்.

உட்கார வேண்டியது அவர்தான். டாக்டர் சசிகலா தன் கிளினிக்கில், தன் நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்.

இளையபெருமாள் அரியலூரில் பத்திரம் எழுதுகிறவர். முப்பது வருடம் கிரயப் பத்திரம் எழுதிய கை, நாய்க்கு வயிறு சரியில்லை என்றாலும் நான்கெல்லை சொல்லாமல் நிற்காது. சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்தார்.

“மேற்படி ஜிம்மிக்கு, கடந்த ஞாயிறு காலை பத்தரை மணிக்கு, மேற்படி கிளினிக்கில் பூஸ்டர் ஊசி போடப்பட்டது. அன்று மாலை முதல் உடம்பில் சூடு. உணவில் நாட்டமில்லை. திங்கட்கிழமை சோர்வு. செவ்வாய்க்கிழமை தபால்காரர் வந்தும் குரைக்கவில்லை.”

மேற்படி ஜிம்மி அதற்குள் டாக்டரின் செருப்பைக் கவ்விக்கொண்டு, சங்கிலி எட்டும் தூரத்தை மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. சங்கிலியின் இன்னொரு முனை, சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சிந்தாமணியிடம் இருந்தது.

“சாப்பிட என்ன சார் குடுத்தீங்க?”

“காலையில பால்ல பிரெட். பத்து மணிக்குக் குளுக்கோஸ். அப்புறம் ஒரு பாக்கெட் பிஸ்கட். மத்தியானம் ஆட்டு ஈரல். அதுக்கு மேல ரசஞ்சோறு வெச்சா, தொடவே மாட்டேங்குது.”

“நானா இருந்தாலும் தொட மாட்டேன் சார்.”

இளையபெருமாள் சிரிக்கவில்லை. நாய் விஷயத்தில் அவர் சிரிக்கிற ஆளில்லை.

“பூஸ்டர் போட்டா ஒண்ணு ரெண்டு நாளைக்கு லேசாக் காய்ச்சல் வரலாம், போட்ட எடம் வீங்கலாம். தானாச் சரியாயிடும். போடாம விட்டாத்தான் ஆபத்து.”

“வீக்கமும் இருக்கு. கழுத்துக்குப் பின்னாடி. எழுதியிருக்கேன்.”

டாக்டர் எழுந்து வந்து தடவிப் பார்த்தார். “இது கொழுப்பு சார்.”

“அதைச் சொல்ல நீங்க இருந்தீங்களா அன்னைக்கு?”

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் திருமானூரில் ஒரு பசுவின் பிரசவத்தில் இருந்தார். ஊசி போட்டது கம்பவுண்டர் கொளஞ்சி. இளையபெருமாளும் உள்ளே வரவில்லை. ஊசியைக் கண்டாலே அவருக்குத் தலை சுற்றும். அதனால் நாயைப் பிடிக்கும் வேலையைச் சிந்தாமணியிடம் ஒப்படைத்துவிட்டு, எதிர்க் கடையில் டீ குடித்தபடி மேற்பார்வை பார்த்தார்.

“மூணு நாள் தொழிலுக்குப் போகலை டாக்டரம்மா. பக்கத்துலயே உக்காந்து விசிறுனேன். இவகிட்ட ஈரல் வதக்கச் சொன்னா, ஒரு நாள் தீச்சுட்டா. வூட்டுல புள்ள முடியாமக் கெடக்கறப்பகூட இவளுக்குக் கவனம் கெடையாது.”

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் சிந்தாமணி பேச வேண்டியதையும் சேர்த்து அவரே பேசிப் பழகியிருந்தார்.

இப்போது இரண்டாவது தாள் வெளியே வந்தது. அது மனு. அரியலூருக்குத் தனி மாவட்டம் என்று கொடுத்து, கொடுத்த சூட்டோடு பிடுங்கிக்கொண்ட பிறகு, கலெக்டரைப் பார்க்கப் பெரம்பலூருக்குத்தான் பஸ் ஏற வேண்டியிருந்த காலம் அது. அதற்காக இளையபெருமாள் மனுக்களைக் குறைத்துக்கொள்ளவில்லை. பஸ் சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

“டாக்டர் இல்லாதப்போ கம்பவுண்டர் ஊசி போட்டாருன்னு தெளிவா எழுதியிருக்கேன். திங்கக்கெழமை கலெக்டர் கைக்குப் போகுது. வேணாம்னா ஒரே வழிதான். இவனை இன்னைக்கே வேலைய விட்டு நிறுத்துங்க.”

டாக்டரின் முகத்திலிருந்த கிண்டல் போன இடம் தெரியவில்லை. கிளினிக்கையே மூடவைக்கும் வரி அது.

“கொளஞ்சி, மருந்து சரியாத்தான போட்ட?”

கதவோரம் நின்ற கொளஞ்சிக்கு அது எட்டு வருட வேலை. ரெண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவன் தரையைப் பார்த்தபடி, “போட்டேங்க டாக்டர்” என்றான்.

“எனக்கு வேற வழி தெரியலை கொளஞ்சி. நாளையிலேருந்து நீ வர வேணாம்.”

“வாய்ப்பேச்சு செல்லாதுங்க” என்றார் இளையபெருமாள், வென்ற குரலில். “நிறுத்துறதா எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் மனு என் கையில தயாரா இருக்கட்டும். சாட்சிக் கையெழுத்துதான் பாக்கி. சிந்தாமணி, அன்னைக்கு உள்ள இருந்தது நீ ஒருத்திதான். போடு.”

பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“என்னடி பாத்துக்கிட்டு உக்காந்திருக்க?”

“பொய்ச் சாட்சி போட மாட்டேங்க.”

“எது பொய்யி?”

“அந்த ஊசி ஜிம்மிக்குப் போடவே இல்லைங்க.”

கிளினிக்கில் நாயைத் தவிர யாரும் அசையவில்லை. கொளஞ்சி மட்டும், “வேணாங்கக்கா” என்று முனகினான்.

“இரு தம்பி. நீ வெளிய சொல்லிடறேன்னுதான் சொன்ன, நான்தான் வேணாம்னேன். இப்ப வேலையே போவுது.” சிந்தாமணி எழுந்து வந்து, ரவிக்கைக் கையை மெல்ல மேலே ஏற்றினாள். வலது புஜம் கன்றிச் சிவந்து, எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்தது. “ஜிம்மி துள்ளுன துள்ளுல ஊசி எங் கையில ஏறிடுச்சு. மருந்து மொத்தமும் உள்ள போயிடுச்சு. சூடு, சோர்வு, சோறு எறங்காதது, வீக்கம்னு நீங்க எழுதுனதுல ஒண்ணும் தப்பில்லைங்க, பேரை மட்டும் மாத்திக்குங்க.”