பதினொரு மணி மான்

1990 ஆகஸ்ட் 28, செவ்வாய். இன்று ஒரு சிறு பிழை விட்டேன். மான் எத்தனை மணிக்கு வரும் என்று கடைக்காரர் கேட்டார். பதினொரு மணிக்கு வரும், மத்தியானம் சாப்பிடப் போகும், பிறகு தேநீருக்கும் போகும் என்று சொல்லிவிட்டேன்.

ஆங்கிலத்தில் இவ்வளவையும் எழுதிய யோகராஜா, 'தேநீர்' என்ற சொல்லைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். விடுமுறையிலும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார் மாலை வகுப்பு ஆசிரியை. வகுப்பில் அதைக் கட்டாயம் என்று நம்பியவன் இவன் ஒருவன்தான்.

அது துப்பாக்கியும் தூண்டிலும் விற்கிற கடை. மரத்தில் பொருத்தி ஏறி இருந்து மான் சுடுகிற மடக்குப் பரண்கள் மூன்று அங்கே இருந்தன. மூன்றிலும் யோகராஜா இருந்து பார்த்தான், ஆடிப் பார்த்தான், தூக்கியும் பார்த்தான்.

ஏணியோடு வருவது உறுதிதான், ஆனால் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். மரத்தைக் கவ்விக் கவ்வி ஏறுவது ஒவ்வொரு அசைவுக்கும் கிறீச்சிட்டது. பட்டியால் மரத்தோடு இறுக்கிக் கட்டுவது பாரமும் இல்லை, சத்தமும் இல்லை. இருக்கைதான் வெறும் தகடு.

"என்னடா, பெண் பாக்கிற மாதிரிப் பாக்கிறாய்?" என்றான் கூட வந்த அறைத்தோழன் செபமாலைமுத்து. "எலியைக் கண்டாலே கதிரைக்கு மேல ஏறுறவன், மான் சுடப்போறானாம்!"

"மெல்லக் கதையடா."

"அந்தாளுக்குத் தமிழ் விளங்குமே? நீ சொன்ன இங்கிலீசே விளங்கேல்லை. தேத்தண்ணி குடிக்கிற மானை அவர் இண்டைக்குத்தான் கேள்விப்படுறார்."

கடைக்காரர் சிரிக்காமல் ஒரு பச்சை மெத்தையை எடுத்துத் தகட்டின் மேல் வைத்தார். போன கிழமை இதே பரணை வாங்கியவர் இதையும் கேட்டு வாங்கினார், முதுகுக்கு நல்லது என்றார். யோகராஜா இரண்டையும் வாங்கினான்.

மானை அவன் கண்டதே மிருகக்காட்சிச்சாலையில்தான். அவன் பார்க்க நினைத்தது கிரிக்கெட். மறுநாள் லண்டனின் தெற்கு ஓரத்தில், ஒரு கழக மைதானத்தில், இலங்கை அணியின் மூன்று நாள் ஆட்டம் தொடங்கவிருந்தது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு முதல் ஆளாய் இறங்கி மட்டை பிடித்தவன், லண்டன் வந்த பிறகு ஒரு நல்ல ஆட்டமும் கண்டதில்லை.

நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போக வழியில்லை. தோர்ண்டன் ஹீத் தமிழர் சங்கம் ஆட்டத்தைப் புறக்கணிக்கச் சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தலைவர் ஆனந்தராஜா ஒரு கையால் முதுகின் அடியில் நாரியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மேசையில் அடித்தார்.

"ஊர் பத்தி எரியுது. இஞ்சை அவங்கட ரீமுக்குக் கைதட்ட ஆருக்கும் மனம் வருமே? உள்ள போற தமிழரை வாசலிலை வச்சு வீடியோ எடுங்கோ. பின்பக்க வேலியை நான் பாத்துக்கொள்ளுறன். எனக்கு ஒருத்தரும் துணைக்கு வரத் தேவையில்லை."

யோகராஜா தனக்கு ஷிப்ட் இருக்கிறது என்று சொல்லி நழுவினான். அவனுக்குப் பயம் தலைவர் மேல் மட்டும் அல்ல. தலைவரின் மகள் சிவமலருக்கும் அவனுக்கும் சாதகம் பொருந்தியிருந்தது. ஆனந்தராஜா 'ஓம்' என்று ஒரு சொல் சொல்வதுதான் பாக்கி. அவளை இரண்டு தரம் பஸ்ஸில் கண்டவன், மூன்றாம் தரம் காண்பதற்காகத் தன் வழியில் போகாத பஸ்ஸில் ஏறியிருக்கிறான்.

"பிடிபட்டா?" என்றான் செபமாலைமுத்து.

"கலியாணம் குழம்பிப் போகும்."

"பிறகேன் அவர் நிக்கிற பக்கமே போறாய்?"

"முன்னுக்குக் கமரா. பின்னுக்கு அவர் ஒராள். நாரிப்பிடிப்புக்காரர், அண்ணாந்து பாக்க ஏலாது."

செபமாலைமுத்து அன்றைக்கு முதல் தடவையாக அவனை மரியாதையோடு பார்த்தான்.

புதன்கிழமை காலை, வேலிக்கு வெளியே வரிசையாய் நின்ற ஓக் மரங்களில் அடர்த்தியான ஒன்றைத் தேர்ந்து, யோகராஜா பரணைக் கட்டினான். பட்டியை மூன்று தரம் இழுத்துப் பார்த்தான். ஏறி மெத்தையில் இருந்துகொண்டு கீழே பார்த்தான். வேலியோரம் வெறிச்சோடிக் கிடந்தது. தலைவரைக் காணவில்லை. வாசல் பக்கமிருந்து கோஷம் மட்டும் கேட்டது.

பதினொரு மணிக்கு வெள்ளை உடுப்புக்காரர் இறங்கினார்கள். இலங்கையின் தொடக்க ஆட்டக்காரன் இரண்டாவது ஓவரில் முன்காலை நீட்டி ஒன்று அடித்தான். பந்து புல்லைச் சீவிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு ஓடியது. யோகராஜா கைதட்ட இரண்டு கையையும் தூக்கி, சிவமலரை நினைத்து அந்தரத்தில் நிறுத்தினான்.

ஆனால் யாரோ கைதட்டினார்கள்.

"சோக்கான அடி!"

குரல் பக்கத்து மரத்திலிருந்து வந்தது. யோகராஜா இலையை விலக்கினான். அதே பட்டி, அதே பரண், அதே பச்சை மெத்தை. அதன் மேல், கழுத்தில் தொலைநோக்கி தொங்க, ஒரு கையால் நாரியைப் பிடித்தபடி சங்கத் தலைவர் ஆனந்தராஜா இருந்தார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு ஓவர் முழுதும் பார்த்தார்கள். யோகராஜாவின் பரண் நடுங்கி, இரண்டு ஓக் காய் கீழே விழுந்தது. வாசலில் கோஷம் உச்சத்துக்குப் போய் ஓய்ந்தது.

ஆனந்தராஜா தொண்டையைச் செருமினார். தொலைநோக்கியைக் கழற்றி, கிளைக்கு மேலால் எட்டி அவனிடம் நீட்டினார்.

"மருமோன், நாளைக்கு வரேக்கை ரெண்டு பேருக்குமாப் புட்டுக் கட்டிக்கொண்டு வாரும்."